எலும்பு கடிக்கும் மாடும் தாது உப்பு மூட்டையும்

மாடு சுவரை நக்குவதைப் பார்த்திருப்போம். கோணிச் சாக்கை மெல்லும், மூத்திரம் ஊறிய மண்ணை நக்கும். சில மாடுகள் வரப்போரம் கிடக்கும் காய்ந்த எலும்பை வாயில் போட்டுக்கொண்டு, நறநறவென்று சத்தம் கேட்க மணிக்கணக்கில் கடித்துக்கொண்டு நிற்கும். புல் தின்னப் பிறந்த பிராணிக்கு எலும்பில் என்ன வேலை? "உடம்புக்கு உப்பு கேக்குது" என்பார்கள் பெரியவர்கள். ஒரு தாது உப்புக் கட்டியை வாங்கிவந்து கொட்டகையில் தொங்கவிடுவோம். மாடு நக்கும், நாமும் மறந்துவிடுவோம்.

பெரியவர்களின் அந்தப் பதிலுக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. தன் உடம்பில் என்ன குறைகிறது என்று மாட்டுக்குத் தெரியும் என்பது முதலாவது. எல்லாத் தாதுக்களும் கலந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் எந்தக் குறையும் தீர்ந்துவிடும் என்பது இரண்டாவது. முதலாவதில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவதை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு, மாட்டை இழந்தவர்களும் உண்டு.

இதையெல்லாம் நமக்குத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தவை இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகள். கறவை மாட்டுக்கு வேளை தவறாமல் அடர்தீவனம் கிடைக்கிறது, தாதுவை அளந்து அதில் கலந்துவிடலாம். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பரந்த மேய்ச்சல் நிலங்களில் திரியும் இறைச்சி மாட்டுக்கோ, ஆண்டின் பெரும்பகுதி புல்லும் தண்ணீரும்தான் சாப்பாடு. மண்ணில் ஒரு தாது குறைந்தால் புல்லில் குறையும், புல்லில் குறைந்தால் மாட்டின் உடம்பில் தெரியும். இடையில் வேறு தீவனம் வந்து குறையை மறைப்பதில்லை.

வ்ரைபர்க் எலும்புகள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னாப்பிரிக்காவின் வ்ரைபர்க் வட்டாரத்தில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. கால்கள் தளர்ந்து படுத்துவிடும், நாக்கும் தாடையும் செயலிழக்கும், சில நாட்களில் உயிர் போய்விடும். அங்குள்ளவர்கள் அதை 'லாம்சீக்டெ' என்றார்கள். நச்சுச்செடி எதையாவது மேய்ந்திருக்குமோ என்று முதலில் சந்தேகம் எழுந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் குடியேறிய கால்நடை மருத்துவர் ஆர்னால்ட் தைலர், 1908இல் ஆன்டர்ஸ்டபோர்ட் ஆய்வகத்தைத் தொடங்கியவர், இந்த நோயின் பின்னால் பல ஆண்டுகள் அலைந்தார்.

செத்த மாடுகளுக்குள் ஒரு பொதுப் பழக்கம் இருந்தது. அவை எலும்பு தின்றவை. வெட்டவெளியில் செத்து அழுகிய விலங்குகளின் எலும்பில் ஒட்டியிருந்த பாக்டீரியா நச்சுதான் மாடுகளைக் கொன்றது என்பதைத் தைலரும் சகாக்களும் நிறுவினார்கள். கெட்டுப்போன டப்பா உணவில் மனிதர்களைத் தாக்கும் பாட்டுலிசம் நச்சின் இனத்தைச் சேர்ந்தது அது.

பாதிக் கேள்விக்குத்தான் விடை கிடைத்திருந்தது. மாடு ஏன் எலும்பைத் தேடிப் போனது? அந்த வட்டாரத்துப் புல்லைச் சோதித்தபோது அதில் பாஸ்பரஸ், அதாவது நம் விவசாயிகள் மணிச்சத்து என்று சொல்வது, மிகக் குறைவாக இருந்தது. எலும்பு என்பது பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த கட்டமைப்பு. மாடுகளுக்குத் தினமும் சுத்தமான எலும்புத்தூள் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு தேடும் பழக்கம் நின்றது, சாவு நின்றது. யாரும் எதிர்பாராத மூன்றாவது பலனும் வந்தது: எலும்புத்தூள் தின்ற மாடுகள், தின்னாதவற்றைவிட நன்றாகக் கொழுத்தன. நோய் வராத மாடுகளும் அதுவரை அரைகுறையாகத்தான் வளர்ந்திருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. தைலர், கிரீன், டுடாய்ட் மூவரும் எழுதிய 1924ஆம் ஆண்டுக் கட்டுரை, கால்நடை வளர்ப்பில் பாஸ்பரஸின் இடத்தை உலகுக்குச் சொன்னது.

மாட்டுக்குத் தெரியுமா?

அப்படியானால் தன் குறை மாட்டுக்குத் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? மணிச்சத்துக் கடுமையாகக் குறைந்த மாட்டுக்கு எலும்பின் மீது ஆசை வருவது உண்மை. சாப்பாட்டு உப்பில் உள்ள சோடியத்தின் விஷயத்தில் அது இன்னும் உறுதி. மெல்போர்னில் டெரக் டென்டன் என்ற உடலியல் ஆய்வாளர், செம்மறி ஆடுகளின் எச்சில் வெளியே வழிந்துபோகும்படி செய்தார். எச்சிலோடு சோடியமும் போய்விடும். அந்த ஆடுகள் முன் சோடியம் கரைசலை வைத்தபோது, இழந்த அளவுக்கு ஏறக்குறைய நிகராகக் குடித்து ஈடுசெய்துகொண்டன. உப்புப் பசி பிறவியிலேயே வருவது.

மற்ற தாதுக்களுக்கு இந்த உணர்வு இருப்பதாகத் தெரியவில்லை; குறை கடுமையாகாதவரை மணிச்சத்துக்கும் அப்படித்தான். 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் காப்பாக்கும் சகாக்களும் கறவை மாடுகளுக்குச் சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும் அடங்கிய கலவைகளை இஷ்டம்போல் தின்ன விட்டுப் பார்த்தார்கள். மாடுகள் தங்கள் தேவையைக் கணக்கிட்டுத் தின்றதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தாமிரம் குறைந்த மாடு தாமிரத்தைத் தேடாது. செலினியம் குறைந்த மாடு செலினியத்தை அடையாளம் காணாது. மேய்ச்சல் நிலத்தில் வைத்த தாதுத் தொட்டியை நோக்கி மாட்டை இழுத்து வருவது பெரும்பாலும் அதிலுள்ள உப்புதான். உப்புக்காக நக்கும்போது மற்றவையும் உள்ளே போகின்றன. மாடு ஆசையாகத் தின்பதால் அந்தக் கலவை மாட்டுக்குத் தேவையானது என்று முடிவுகட்ட முடியாது. அதில் உப்பின் அளவு மாட்டுக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

பச்சைப் புல்லில் பட்டினி

மாடு சொல்லாவிட்டால் புல்லின் பச்சை சொல்லாதா? மேற்கு ஆஸ்திரேலியாவின் டென்மார்க் என்ற ஊரில் 1930களில் நடந்தது இதற்குப் பதில். (ஐரோப்பிய நாடு வேறு, இது தென்கோடிக் கடற்கரையில் உள்ள சிற்றூர்.) செழித்த புல்வெளியில் மேய்ந்த மாடுகள் தீனி வெறுத்து, சோகை பிடித்து, எலும்பும் தோலுமாகச் செத்தன. சோகை என்றால் இரும்புக் குறைதான் என்று நினைத்து இரும்புத் தாதுமண்ணைக் கொடுத்தார்கள். மாடுகள் தேறின. கதை அங்கே முடிந்திருக்கலாம்.

எரிக் அண்டர்வுட், ஜான் ஃபில்மர் என்ற இரு ஆய்வாளர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. எல்லா இரும்பு மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. செத்த மாடுகளின் ஈரலில் இரும்பு குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. எனவே குணமாக்கிய தாதுமண்ணிலிருந்து இரும்பை முழுக்கப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை மாட்டுக்குக் கொடுத்தார்கள். இரும்பில்லாத அந்த மிச்சமும் குணமாக்கியது! அதை மேலும் மேலும் பிரித்துச் சோதித்ததில், இரும்போடு அழுக்காக ஒட்டிவந்த கோபால்ட்தான் மருந்து என்று 1935இல் தெரிந்தது. அதே ஆண்டில் தெற்கு ஆஸ்திரேலியாவில் மார்ஸ்டனும் லைன்ஸும் செம்மறி ஆடுகளில் இதே முடிவுக்கு வந்தார்கள்.

விநோதம் அதோடு தீரவில்லை. கோபால்ட்டை ஆட்டின் உடம்பில் ஊசியாகச் செலுத்தினால் பலனில்லை. வாய்வழியாகக் கொடுத்தால்தான் பலன். காரணம் 1948க்குப் பிறகு விளங்கியது. அந்த ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12இன் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருந்தது. அசைபோடும் விலங்கின் முதல் வயிறான அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் கோபால்ட்டைக் கொண்டு அந்த வைட்டமினைத் தயாரிக்கின்றன. கோபால்ட் தேவைப்பட்டது மாட்டைவிட அதன் வயிற்றுக் குடித்தனக்காரர்களுக்கு. பி12ஐ ஊசியாகப் போட்டபோது நோய் தீர்ந்ததும் இதை உறுதிசெய்தது.

புல் வளர்வதற்குத் தேவைப்படாத, ஆனால் மாட்டுக்கு அத்தியாவசியமான தாதுக்கள் உண்டு. செலினியமும் அயோடினும் அப்படிப்பட்டவை. ஆகவே புல்வெளி பச்சைப்பசேலென்று இருப்பதை வைத்து மாட்டின் தாது நிலையைச் சொல்ல முடியாது.

இருந்தும் கிடைக்காத தாமிரம்

சரி, புல்லில் ஒரு தாது போதிய அளவு இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. அப்போதாவது கவலையை விடலாமா? இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் சில மேய்ச்சல் நிலங்களில் மாட்டை விட்டால் கடுமையான கழிச்சல் வரும், மயிர் நிறம் மங்கும், உடம்பு வற்றும். வேறு நிலத்துக்கு மாற்றினால் தேறிவிடும். 1938இல் ஃபெர்குசனும் சகாக்களும் அந்தப் புல்லில் மாலிப்டினம் என்ற உலோகம் அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் கண்டார்கள். மயில்துத்தம் (தாமிர சல்ஃபேட்) கொடுத்தபோது மாடுகள் குணமாயின. மிஞ்சியிருந்தது மாலிப்டினம், குணமாக்கியதோ தாமிரம். இரண்டுக்கும் என்ன உறவு?

ஆஸ்திரேலியாவில் டிக் என்பவர் செம்மறி ஆடுகளில் செய்த சோதனைகள், இந்த உறவில் மூன்றாவது ஆளாகக் கந்தகமும் இருக்கிறது என்று காட்டின. அசையூண் வயிற்றில் கந்தகமும் மாலிப்டினமும் சேர்ந்து தயோமாலிப்டேட் என்ற கூட்டுப்பொருளாகின்றன. அது தாமிரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியேறிவிடுகிறது. கந்தகம் தனியாகவே தாமிரத்தைத் தடுக்கும், மிதமிஞ்சிய இரும்பும் தடுக்கும். இப்படி ஒன்றின் வழியை இன்னொன்று மறிக்கும் தாதுக்களை முரண் தாதுக்கள் என்று சொல்லலாம்.

தாமிரக் குறையைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. தோலுக்கும் மயிருக்கும் கறுப்பு நிறம் தரும் நிறமியைத் தயாரிக்கும் நொதிக்குத் தாமிரம் வேண்டும். தாமிரம் குறைந்தால் கறுப்பு ஆங்கஸ் இன மாட்டின் மயிர் துருநிறத்துக்கு மாறும், கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். ஆனால் வெயிலிலும் மயிர் மங்கும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. உடல் தாமிரத்தை ஈரலில் சேமித்து வைத்துக்கொண்டு, தேவைக்கேற்ப இரத்தத்துக்கு விடுகிறது. சேமிப்பு தீரும் வரை இரத்தப் பரிசோதனை சரியாகவே காட்டும். அதனால்தான் தாமிரத்துக்கு இரத்தத்தைவிட ஈரல் துணுக்குச் சோதனையைக் கால்நடை மருத்துவர்கள் நம்புகிறார்கள்.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெளியிடும் பரிந்துரையில், இறைச்சி மாட்டுக்குத் தாமிரத் தேவை தீவனத்தின் உலர் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று இருக்கிறது. இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதோடு ஒட்டியுள்ள நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: மாலிப்டினம் கிலோவுக்கு 2 மில்லிகிராமையும், கந்தகம் 0.25 சதவீதத்தையும் தாண்டாதவரைதான் அந்த 10 போதும். அமெரிக்க மேற்குச் சமவெளிகளில் பல கிணறுகளின் தண்ணீரில் சல்ஃபேட் அதிகம். அங்கே மாட்டின் தாமிரத்தைப் பறிப்பது அது குடிக்கும் தண்ணீராகவே இருக்கலாம்.

ஒரு ஊரில் மருந்து, இன்னொரு ஊரில் விஷம்

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தாராளமாகக் கலந்துவிட்டால் என்ன? செலினியத்தின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. 1856இல், இன்றைய தெற்கு டக்கோட்டாவில் இருந்த ராண்டால் கோட்டையின் இராணுவ மருத்துவர் மேடிசன், குதிரைகளின் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்து குளம்புகள் கழல்வதைப் பதிவுசெய்தார். 1930களில்தான் அந்த மண்ணில் விளைந்த தானியத்திலும் புல்லிலும் செலினியம் நச்சாகும் அளவுக்கு இருப்பது தெரிந்தது.

செலினியத்தைப் பெரும்பாலும் விஷமாகவே பார்த்துக்கொண்டிருந்தபோது, 1958இல் ஓரிகன் மாநிலத்திலிருந்து மூத்தும் ஓல்ட்ஃபீல்டும் நேர்மாறான செய்தியோடு வந்தார்கள். அங்கே ஆட்டுக்குட்டிகளின் தசை வெளுத்து விறைத்துப்போகும் வெண்தசை நோயைத் தாய் ஆட்டுக்குக் கொடுத்த மிகச் சிறிதளவு செலினியம் தடுத்தது. ஒரே நாடு, ஒரே தாது. தெற்கு டக்கோட்டாவில் அது மிகுதி, ஓரிகனில் அது பற்றாக்குறை. இரு மாநிலத்துக்கும் ஒரே மூட்டையை விற்பவர் யாரோ ஒருவருக்குத் தவறானதை விற்கிறார். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு என்பதால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்குச் சட்ட வரம்பு வைத்திருக்கிறது. இறைச்சி மாடு இஷ்டம்போல் தின்னும் தாதுக் கலவை வழியே ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கப்பட்ட செலினியம் உள்ளே போகக்கூடாது.

தாமிரத்திலும் இந்த அபாயம் உண்டு. மாட்டுக்குச் சரியாக இருக்கும் கலவையை அதே தொழுவத்தில் உள்ள செம்மறி ஆடு தின்றால் ஈரலில் தாமிரம் சேர்ந்து அது சாகக்கூடும். செம்மறி ஆடு தாமிரத்தை வெளியேற்றுவதில் மிகவும் பின்தங்கியது.

மூட்டையை எப்படிப் படிப்பது?

மளிகைக் கடைக்குக் கிளம்பும் முன் அடுக்களை டப்பாக்களைத் திறந்து பார்த்து, எது காலி என்று தெரிந்துகொண்டு சீட்டு எழுதுவோம். தாது வாங்குவதும் அதே கழித்தல் கணக்குதான். புல், தண்ணீர், பிற தீவனம் ஆகிய டப்பாக்களைத் திறந்து பார்க்காமல் மூட்டையின் முகப்பை மட்டும் பார்த்து வாங்குவது வீண்செலவு.

ஓர் எடுத்துக்காட்டு. 550 கிலோ எடையுள்ள பசு நாளைக்குச் சுமார் 12 கிலோ உலர் எடைத் தீவனம் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தாமிரத் தேவை 120 மில்லிகிராம். புல்லில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் இருந்தால் 72 கிடைத்துவிடும். துண்டுவிழுவது 48. பசு நாளைக்கு 100 கிராம் கலவை தின்றால், அந்த 100 கிராமில் 48 மில்லிகிராம் தாமிரம் இருக்க வேண்டும். முரண் தாதுக்கள் மிகுந்த இடத்தில் இதைக் கூட்ட வேண்டும். பசு 50 கிராம்தான் தின்கிறது என்றால் பாதிதான் உள்ளே போகும். ஆகவே மூட்டையில் அச்சிட்ட அளவைவிட, மந்தை தின்று தீர்க்கும் அளவு முக்கியம். தொட்டியில் போட்ட எடையையும், அது தீர்ந்த நாட்களையும், மாடுகளின் எண்ணிக்கையையும் குறித்துவந்தால் போதும், தலைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் மாடு தொட்டிப் பக்கம் வராது என்பதும் இந்தக் குறிப்பில்தான் அகப்படும்.

அடுத்து, தாது எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே போனதில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்பதைக் கிடைதிறன் என்போம். 1994இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெக்லியும் ஸ்பியர்ஸும் தாமிரக் குறையுள்ள மாடுகளுக்குத் தாமிர ஆக்ஸைடு, தாமிர சல்ஃபேட், அமினோ அமிலத்தோடு பிணைந்த தாமிரம் ஆகிய மூன்றையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். பின்னிரண்டும் வேலை செய்தன. ஆக்ஸைடு தூள் தின்ற மாடுகள், எதுவும் தரப்படாத மாடுகளைவிடப் பெரிதாகத் தேறவில்லை. ஆனால் அதே ஆக்ஸைடை மெல்லிய கம்பித் துணுக்குகளாக மாத்திரையில் அடைத்துக் கொடுத்தால், அவை நான்காம் வயிற்றின் மடிப்புகளில் தங்கி, அமிலத்தில் மெல்லக் கரைந்து பல வாரங்களுக்குத் தாமிரம் தருகின்றன. மூட்டையில் 'தாமிரம்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த உப்பாக என்பதையும் பார்க்க வேண்டும். சில கலவைகளின் செங்காவி நிறத்துக்குக் காரணம் இரும்பு ஆக்ஸைடு. பெரும்பாலான புல்லில் இரும்பு தேவைக்கு மேலேயே இருப்பதால் அந்த நிறத்தால் மாட்டுக்கு லாபம் இல்லை.

பருவமும் கணக்கில் வரும். குளிர்நாடுகளில் வசந்தகாலத் தளிர்ப்புல்லில் பொட்டாசியம் மிகுந்து, அசையூண் வயிற்றின் சுவர் வழியே மக்னீசியம் உள்ளே போவதைத் தடுக்கிறது. கன்று ஈன்று பால் கொடுக்கும் வயதான பசுக்கள் திடீரென நடுங்கி விழுந்து சாவது இதனால்தான். அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி மக்னீசியச் சேமிப்பு மாட்டின் உடம்பில் இல்லை. எனவே புல் தளிர்ப்பதற்குச் சில வாரங்கள் முன்பே மக்னீசியக் கலவை தொடங்க வேண்டும். மக்னீசியம் ஆக்ஸைடு மாட்டின் நாக்குக்குப் பிடிக்காது என்பதால் அதில் உப்போ வெல்லப்பாகோ சேர்க்கிறார்கள். எத்தனால் ஆலைச் சக்கையைத் தீவனமாகக் கொடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதில் மணிச்சத்து ஏராளம், கலவையில் விலை அதிகமான அந்தப் பொருளைக் குறைத்துக்கொள்ளலாம். அதே சக்கையில் கந்தகமும் அதிகம் என்பதால் தாமிரக் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும்.

ஒப்பிட ஒரு பகுதி

கொடுத்தது வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ளத் தைலர் காட்டிய வழியே இன்றும் சிறந்தது. ஒரு பகுதிக்குக் கொடு, ஒரு பகுதிக்குக் கொடுக்காதே, ஒப்பிடு. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் கிட்மன் ஸ்பிரிங்ஸ் ஆய்வுப் பண்ணையில் மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் பிரம்மன் இனக் கிடேரிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் பாஸ்பரஸ் கலவை கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பாஸ்பரஸ் பெற்றவை கூடுதல் எடை போட்டன, கூடுதலாகச் சினை பிடித்தன.

வட ஆஸ்திரேலிய அனுபவம் இன்னொன்றையும் சொல்கிறது. அங்கே பாஸ்பரஸ் நன்றாகப் பலன் தருவது மழைக்காலத்தில், புல்லில் புரதமும் சக்தியும் நிறைந்திருக்கும்போது. வறண்ட பருவத்தில் புல் காய்ந்து வைக்கோலானபின் மாட்டைத் தடுத்து நிறுத்துவது புரதக் குறை. அப்போது எவ்வளவு நல்ல தாதுக் கலவையும் அதை ஈடுகட்டாது. ஆனால் பாதைகள் சேறாகும் மழைக்காலத்தில் தாது கொண்டுபோவது கடினம், வறண்ட பருவத்தில் எளிது. பலர் எளிதான காலத்தில் கொடுத்துவிட்டு, பலனில்லை என்கிறார்கள்.

ஆகவே தாதுவுக்குச் செலவிடும் முதல் பணம் மூட்டைக்குப் போகக்கூடாது. புல்லையும் தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பவும், தேவைப்பட்டால் சில மாடுகளின் ஈரலைச் சோதிக்கவும் போக வேண்டும். புதுக் கிணறு தோண்டினாலோ, மேய்ச்சல் நிலம் மாறினாலோ, புதிய தீவனம் வந்தாலோ அந்தக் கணக்கை மறுபடியும் போட வேண்டும். போன ஆண்டு சரியாக இருந்த மூட்டை இந்த ஆண்டும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.